சர்க்கரை ஜாடியில் உப்பு

உங்கள் வீட்டு கராஜிலும் இருக்கும். இல்லை என்று சாதிக்காதீர்கள். டி.வி. வந்த அட்டைப்பெட்டி, கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி, அவற்றுக்குள் பொருளின் உருவத்திலேயே குழிந்த தெர்மோகோல், எல்லாம் பத்திரமாக இருக்கும். பொருள் என்றைக்கோ பழுதாகிக் குப்பைக்குப் போயிருக்கும். பெட்டியை மட்டும் தூக்கிப்போட மனம் வராது. ஊருக்குத் திரும்பிப் போகும்போது பேக் பண்ண வேண்டும் என்று ஆரம்பித்த வழக்கம். நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நாம் கோபித்துக்கொள்கிறோம். கடல் தாண்டி வந்து பேர்லேண்டில் இந்த வீட்டை வாங்கி நாங்கள் குடிவந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகனுக்கு இப்போது தலையில் நரை. இத்தனை காலத்தில் காரை ஒருநாள் கூட கராஜுக்குள் விட்டதில்லை. வெயிலும் ஆலங்கட்டி மழையும் காருக்கு, நிழல் அட்டைப்பெட்டிக்கு.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. என் வீட்டுக்காரர் போனில் கேமராவைப் பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"சோலார் விக்கிறவளா இருக்கும். திறக்காத," என்றார்.

"சோலார் விக்கிறவங்க கையில ஐபேட் வெச்சிருப்பாங்க. இவங்க கையில ஒண்ணுமில்லையே."

"அப்ப கூரை ரிப்பேர் பண்ற ரூஃபிங். போன வாரம் ஹெயில் அடிச்சுதில்ல, அதான் வந்துட்டாங்க. சும்மா இரு, தானா போயிடுவா."

அந்தப் பெண்மணி மறுபடி பெல்லை அடிக்கவில்லை. நாலடி பின்னால் நகர்ந்து வீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், மாடி ஜன்னலைப் பார்த்தார், பக்கச் சுவரோரமாகக் கண்ணை ஓட்டினார். விற்க வருகிறவர்கள் கதவைத்தான் பார்ப்பார்கள், வீட்டை அப்படிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பார்வையை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. நடந்த இடம் போலந்து.

நான் சின்ன வயதில் போலந்தில் இருந்தேன் என்று சொன்னால் நம் கூட்டத்தில் யாரும் நம்புவதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து ஆளுக்குப் போலந்தில் என்ன வேலை என்கிறீர்கள். அப்பா சுரங்க இன்ஜினியர். தன்பாத்தில் வேலை பார்த்தார். போலந்துக்காரர்களிடம் நிலக்கரிச் சுரங்க வேலை கற்றுவர அவரை அனுப்பினார்கள். கடைசி சில மாதங்களுக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அம்மா ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புளி, மிளகாய், காப்பித்தூள், பித்தளை ஃபில்டரோடு கிளம்பிவிட்டாள். கூடவே நானும். டவுனில் வீடு கிடைக்காததால், சுரங்கத்துக்குப் போகும் பஸ் தடத்தில் இருந்த ஒரு சின்ன கிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். சமையல் கீழே, வீட்டுக்கார அம்மாவின் அடுப்படியில்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் சுரங்கத்தில் வேலை செய்து இறந்துபோயிருந்தார். தனி ஆள், ஒரு பசு, ஒரு பூனை. நாங்கள் அவரைப் 'பானி' என்றே கூப்பிட்டோம். அந்த ஊர்ப் பேச்சில் அம்மணி என்று அர்த்தம். பக்கத்துப் பிள்ளைகளோடு ஓடியாடியதில் அந்த மொழி எனக்குச் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. ஆகவே அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை முழுவதும் என் வாய் வழியாகத்தான் நடந்தது. அவர்கள் சொன்னதை எனக்கு வந்த தமிழில் இங்கே சொல்கிறேன்.

அந்த ஊருக்கு இரண்டு பெயர். போர்டில் இருந்தது போலிஷ் பெயர். அதற்கு முன்பு பல தலைமுறைகளாக வேறொரு பெயர் இருந்தது, ஜெர்மன் பெயர். ஏனென்றால் அது ஜெர்மன்காரர்கள் கட்டிய ஊர். பெரிய போர் முடிந்ததும் நாட்டு எல்லைகளை வரைபடத்தில் தள்ளி வரைந்துவிட்டார்கள். அங்கே இருந்த ஜெர்மன்காரர்களை மேற்கே விரட்டினார்கள். கிழக்கே தங்கள் ஊரை இழந்த போலந்துக்காரர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி அந்தக் காலி வீடுகளுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைச் சுவர்தான். வெயிலில் அது வெள்ளைச் சுவர். மழை பெய்து சுண்ணாம்பு நனைந்தால் அடியிலிருந்து கருப்பாக வேறு எழுத்துகள் மேலே வரும். காய்ந்ததும் போய்விடும். மழை வந்தால் நான் அதைப் பார்க்க ஓடுவேன். ரொட்டி வாங்க வந்த பெரியவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

பானியின் அடுப்படியில் ஓடு பதித்த பெரிய அடுப்பு இருந்தது. அதன் மேல் அலமாரியில் நீலப் பூப் போட்ட பீங்கான் ஜாடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் அழகாக ஜெர்மன் எழுத்து. மாவு, சர்க்கரை, அரிசி என்று எழுதியிருக்கிறது என்று அப்பா படித்துச் சொன்னார். பானிக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. தனக்குக் கை எட்டும் வரிசையில் வைத்துக்கொண்டார். சர்க்கரை ஜாடியில் உப்பு இருந்தது. மாவு ஜாடியில் ஆணியும் நூல்கண்டும். அம்மா முதல் வாரத்திலேயே ஒரு பாயசத்தைக் கெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு தன் சர்க்கரையை மாடி அறையிலேயே வைத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த வீட்டில் இரண்டு விஷயம் விளங்கவில்லை. ஒன்று, வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டி. மூடியில் ஆணி அடித்திருந்தது. அதன் மேல் பூனை தூங்கும். உள்ளே என்ன என்று கேட்டால், "என் சாமான்" என்பார் பானி. சாமானை ஏன் பெட்டியிலேயே வைத்திருக்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இன்னொன்று, கூரை. மாடிப்படி மூலையில் மழை பெய்தால் சொட்டும். அங்கே நிரந்தரமாக ஒரு எனாமல் வாளி. தண்ணீர் சொட்டும் சத்தம் முதலில் டங் டங் என்று கேட்கும், வாளி நிறைய நிறைய அடங்கிவிடும். அப்பா ஒருநாள் பொறுக்க மாட்டாமல், நாலு ஓடு மாற்றினால் சரியாகிவிடுமே என்று சொன்னார்.

"யார் வீட்டுக்கு யார் ஓடு மாத்துறது?" என்றார் பானி.

சரக்கு ரயிலில் வந்து இறங்கிய அன்று அவர் பசுவைப் பிடித்துக்கொண்டு இந்தத் தெருவில் நடந்து வந்திருக்கிறார். இந்த வாசலில் பசு நின்றுவிட்டது. இழுத்தும் நகரவில்லை. சரி என்று உள்ளே போனார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். அம்மா, பதினாலு வயதுப் பெண், சின்னப் பையன். விரட்டும் உத்தரவு அவர்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் இரண்டு குடும்பமும் அந்த ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஒருத்தி உருளைக்கிழங்கு வேகவைத்து இறக்கியதும் அடுத்தவள் ஏற்றுவாளாம். அடுப்படிக்கு வேண்டிய சில வார்த்தைகளைத் தவிரப் பேச்சு கிடையாது. வசந்த காலத்தில் ஒரு காலையில் உத்தரவு வந்தது, கையில் தூக்க முடிந்ததோடு அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

"என் ஊரை விட்டு நான் கிளம்பினப்பவும் இப்படித்தான் நினைச்சேன், ஒரு மாசத்துல திரும்பிடுவோம்னு," என்றார் பானி. "அவங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. ஒருநாள் வந்து நிப்பாங்க. நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போகணும். அதுக்குத் தயாரா இருக்க வேண்டாமா?"

அந்த வருடம் அந்தப் பயம் ஊர் முழுக்க இருந்தது. இரண்டு நாடுகளும் ஏதோ ஒப்பந்தம் போட்டதில் ஜெர்மன்காரர்கள் காரில் வந்து பழைய ஊர்களைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் வந்து ஒரு வீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். அந்த வீட்டுக்காரருக்குப் பத்து நாள் சாப்பாடு இறங்கவில்லையாம்.

இந்த நேரம் பார்த்து அப்பா ஒரு காரியம் செய்தார். செப்டம்பர் கடைசியில் குளிர்காற்று ஆரம்பித்ததும், அறைக்குக் கனத்த திரை தைத்தால் தேவலை என்று அம்மா சொன்னாள். அப்பாவோ இன்ஜினியர். எதையும் அளக்காமல் செய்ய மாட்டார். சுரங்கத்திலிருந்து டேப்பை எடுத்துவந்து ஜன்னலை உள்ளே அளந்தார், போதாதென்று வெளியே ஏணி போட்டு ஏறியும் அளந்தார். எதிர்வீட்டுக்காரர் வேலியோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து வந்தவன் ஜெர்மன்காரனுக்காக வீட்டை அளக்கிறான் என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. இந்தியாவுக்கும் ஜெர்மன்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. நம் வாட்ஸ்அப் குரூப்பில் யார் கேட்கிறார்கள்?

பானி எங்களிடம் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. கொல்லையில் செப்புக் கொப்பரை வைத்துக் கருநீலப் பிளம் பழங்களைக் கிண்டிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாமல் நாள் முழுவதும் கிண்டினால் பழம் கருத்து அல்வா பதத்துக்கு வரும். அந்தப் புளிப்பும் இனிப்பும் புகையும் கலந்த வாசனை தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. அம்மா இரண்டாம் நாள் சும்மா இருக்க மாட்டாமல் போய், பானியின் கையிலிருந்த நீளக் கரண்டியை வாங்கிக் கிண்ட ஆரம்பித்தாள். பானி தடுக்கவில்லை. சாயங்காலம் முதல் தட்டு ஜாம் எனக்குத்தான் வந்தது.

பானி பேசாத அந்த வாரத்திலும் என்னை மட்டும் ஒருநாள் தன்னோடு அழைத்துப் போனார். ஒரு தகர டப்பா, நார் பிரஷ், பழைய துணி. சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். முன்பக்கம் புதுக் கல்லறைகள், பூக்கள். பின்பக்கம் என் தலையையும் மறைக்கும் உயரத்துக்குச் செந்தட்டிச் செடிகள், தொட்டால் தீயாக அரிக்கும். பானி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அவர் முதுகை ஒட்டியே போனேன். உள்ளே ஒரு சின்னக் கல். அவர் மண்டியிட்டுப் பாசியைத் தேய்த்தார், நான் டப்பாவிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். உங்க பையனா என்று கேட்டேன். அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆமாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். பாவம் என்று சொல்லி அம்மா அன்றிலிருந்து பானியின் காப்பியில் பால் கொஞ்சம் அதிகமாக விட்டாள்.

அக்டோபரில் ஒருநாள் நல்ல மழை. அப்பா சுரங்கத்தில். பானி கூட்டுறவுப் பண்ணையில் உருளைக்கிழங்கு பொறுக்கப் போயிருந்தார். நான் ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஒரு வெளிநாட்டுக் கார் நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றார். தலையில் ஒரு தொப்பி கூட இல்லை. கதவைத் தட்டவும் இல்லை. கூரையைப் பார்த்தார், மாடி ஜன்னலைப் பார்த்தார், பக்கச் சுவரோரமாகக் கண்ணை ஓட்டினார். தெருவில் எல்லாக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அம்மா என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். ஊர்க்கதை, போர், எல்லை, ஒப்பந்தம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பொம்பளை மழையில் நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறாள். என்னையும் இழுத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கிப் போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"அட, மழைல ஏனுங்க நிக்கறீங்க? உள்ளார வாங்க. வாங்க, வாங்க."

பொள்ளாச்சித் தமிழ் புரியாமல் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண் உள்ளே வந்துவிட்டார். அம்மா துண்டை எடுத்துக் கொடுத்து, அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கினாள். இப்படி முன்பின் தெரியாதவரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததுதான் அன்று ஊர்க் கணக்கில் எங்கள் குடும்பம் செய்த மகா தப்பு. அந்தப் பெண் அடுப்பின் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரிசல் விட்ட ஒரு ஓட்டை விரலால் தொட்டார்.

வெள்ளைக்காரர்களுக்குச் சர்க்கரை தனியாக வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஓர் எண்ணம். காப்பியை முன்னால் வைத்துவிட்டுச் சர்க்கரை எடுக்க மாடிக்குப் போனாள். அதற்குள் அந்தப் பெண் எழுந்து, பார்க்காமலேயே கையை உயர்த்தி, அலமாரியில் சரியாகச் சர்க்கரை ஜாடியை எடுத்தார். அந்த அடுப்படியில் அவர் கைக்கு வழி தெரிந்திருந்தது. இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினார். வேண்டாம் என்று நான் கையை ஆட்டியதை அவர் பார்க்கவில்லை. அவர் ஒரு வாய் குடித்த அதே நேரம் கதவு திறந்தது.

யாரோ பண்ணைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பானி நின்றார். தலை முதல் கால் வரை சேறு, கையில் உருளைக்கிழங்கு தோண்டும் கொத்து. அவருடைய பெட்டியின் மேல் பூனை. அவருடைய மேசையில் அந்தப் பெண். ஊரே சாத்திய கதவுக்குப் பின்னால் காதை வைத்துக் காத்திருந்தது. என் அம்மா படியில் பாதியில் நின்றுவிட்டாள், கையில் சர்க்கரையோடு. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. பானி வாயைத் திறந்தார். இருபத்தைந்து வருடமாகப் பயந்துகொண்டிருந்த அந்த நாளில் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"அது உப்பு."

அந்தப் பெண் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.

"நீங்க போன மறுநாள்லேர்ந்து."

அந்தப் பெண் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பானியின் கை கொத்தை விடவில்லை. அவர்கள் பேசியது அந்தக் குளிர்காலத்தில் ஒட்டிக்கொண்ட அரைகுறை அடுப்படி ஜெர்மன். அன்று சாயங்காலம் பானி அதை எனக்கு வரிக்கு வரி சொன்னார், நான் அம்மாவுக்குச் சொன்னேன். பானி கேட்டது ஒரே கேள்வி.

"வீட்டை எடுத்துக்க வந்தியா?"

"எனக்கு அங்கே வீடு இருக்கு, புருஷன் இருக்கார், ரெண்டு பசங்க இருக்காங்க. என் தம்பி இருக்கிற இடத்தை மட்டும் ஒருதரம் பார்த்துட்டுப் போறேன். இப்ப அது இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஜெர்மன் கல்லறையெல்லாம் காடாப் போச்சாம். எந்தப் பக்கம்னு காட்டினா போதும், நின்னு பார்த்துட்டுப் போயிடறேன்."

பானி கொத்தைச் சுவரில் சாய்த்தார். தகர டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அந்தப் பெண் பின்னால் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள், சர்க்கரைப் பொட்டலத்தைக் கூடக் கீழே வைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு வந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் அந்தச் செந்தட்டிக் காடு மழையில் சாய்ந்து கிடந்தது. அன்றைக்குப் பானியின் முதுகை ஒட்டி நடந்ததில் நான் கவனிக்காத ஒன்றை அந்தப் பெண் முதலில் பார்த்தார். காட்டுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. ஒரே ஓர் ஆள் திரும்பத் திரும்ப நடந்து மண் இறுகிப் புல் முளைக்காத பாதை. அது வேறெங்கும் போகவில்லை. ஒரே ஒரு சின்னக் கல்லுக்குப் போய் நின்றது. கல் சுத்தமாக இருந்தது. அதன் அடியில் பழைய மெழுகுவத்திகள் உருகி உருகிக் கட்டிதட்டியிருந்தன.

நான்தான் அசடு. பானியின் பிள்ளை என்று நினைத்திருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோன ஜெர்மன் பையன் அவன்.

அந்தப் பெண் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பானி அவர் பக்கத்தில் மண்டியிட்டு வழக்கம்போலப் பாசியைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் ஒரு பையன் இருந்தான். கைக்குழந்தை. அந்த ரயில்லயே போயிட்டான். எங்கயோ வண்டி நின்னப்ப தண்டவாளத்துக்குப் பக்கத்துல புதைச்சோம். எந்த இடம்னு தெரியாது. இங்க நான் ஒரு விளக்கு வெச்சா அங்க யாராவது ஒரு விளக்கு வைக்க மாட்டாங்களான்னு நினைச்சேன். வேறொண்ணுமில்ல."

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய வார்த்தையை இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

திரும்பி வந்ததும் அம்மா புதுக் காப்பி போட்டாள், இந்த முறை சர்க்கரையைத் தானே கலந்தாள். கிளம்பும்போது அந்தப் பெண் படியேறிப் பார்க்கலாமா என்று கேட்டார். பானி தலையாட்டினார். மாடிப்படி மூலையில் வாளியில் டங் டங் என்று சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை அண்ணாந்து பார்த்தார்.

"இது எங்க காலத்துலயே ஒழுகும். அப்பா ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் மாத்தலாம்பார். நீங்களாவது மாத்துங்க. உங்க வீட்டை நீங்கதானே பார்த்துக்கணும்?"

பானி 'உங்க வீடு' என்ற இடத்தை மட்டும் அன்று சாயங்காலம் என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஜாடியை எடுத்துக்கொண்டு போ என்று பானி நீட்டியபோது அந்தப் பெண் வாங்கவில்லை, உப்பு நமுத்துப்போய்விடும் என்றார். வாசல்வரை வந்தவரை அம்மா நிறுத்திக் குங்குமச் சிமிழைத் திறந்து நெற்றியில் இட்டாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார். அதை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். இந்தியர்கள் சிவப்பு முத்திரை குத்தி வீட்டைப் பத்திரம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்று கிளப்பிவிட்டார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அப்பா பஸ்ஸ்டாப்பிலேயே அதைக் கேட்டு வெலவெலத்துப்போய் ஓடி வந்தார்.

"நமக்கு எதுக்குடி இந்த வம்பெல்லாம்?"

"வாசல்ல நிக்கறவங்களை வாங்கன்னு சொன்னா அது வம்பாங்க?" என்றாள் அம்மா.

நவம்பர் முதல் தேதி அந்த நாட்டில் எல்லோரும் கல்லறைக்குப் போய் விளக்கு வைப்பார்கள். அதுவரை பானி அங்கே இருட்டும் நேரத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போவாராம். ஜெர்மன்காரன் பிள்ளைக்கு விளக்கு வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அந்த வருடம் பட்டப்பகலில் என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தார். விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் எதிர்வீட்டுக்காரர் நிற்கிறார், கையில் மெழுகுவத்தியோடு. அவருக்கும் கிழக்கே எங்கோ புதைத்துவிட்டு வந்த ஓர் அக்காவாம். அவர் அதைக் கொளுத்தி அந்தச் சின்னக் கல்லடியில் வைத்தார். அதன் பிறகு அவர்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, முத்திரை என்று சொன்னாரே.

நாங்கள் கிளம்புவதற்கு முன் பனி விழுந்துவிட்டது. அதற்குள் கூரையில் ஒரு மூலை மட்டும் புத்தம்புதுச் சிவப்பாக இருந்தது. பானி மரப்பெட்டியின் ஆணிகளைக் கொத்தால் நெம்பினார். பூனை கோபித்துக்கொண்டு போனது. உள்ளே கையால் பூவேலை செய்த திரைச்சீலைகள் இருந்தன. கல்யாணத்துக்காகத் தைத்தவையாம். அந்து அரித்து அங்கங்கே ஓட்டை. பானி எல்லா ஜன்னலிலும் மாட்டினார். அப்பா டேப்பால் அளந்து கொடுத்தார், இந்த முறை உள்ளிருந்து மட்டும். ஓட்டைகள் வழியாகப் பனி வெளிச்சம் தரையில் புள்ளிப் புள்ளியாக விழுந்தது. "நல்லா இருக்குல்ல?" என்று பானி என்னைக் கேட்டார். நல்லா இருக்கு என்று நான் சொன்னது பொய்யில்லை. வாளி பசுவிடம் போய்விட்டது. எனக்கு அந்த டங் டங் சத்தம் இல்லாமல் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது பேர்லேண்டுக்கு வருவோம். என் வீட்டுக்காரர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் போய்க் கதவைத் திறந்தேன். மழை இல்லை, நல்ல வெயில். இருந்தாலும் உள்ளே வாருங்கள் என்றேன். அந்தப் பெண்மணி தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த வீட்டில்தான் வளர்ந்தாராம். அப்பா வேலை மாறியபோது வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்களாம். வீடு இரண்டு கை மாறிய பிறகுதான் நாங்கள் வாங்கியிருக்கிறோம். போன வசந்தத்தில் அவருடைய தம்பி இறந்துவிட்டான். கராஜுக்குச் சிமெண்டுத் தரை போட்ட அன்று, ஈரம் காய்வதற்குள் அந்தப் பயல் மூலையில் கையை அழுத்திவிட்டானாம், அப்பாவிடம் அடி வாங்கினானாம். அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா, தொந்தரவு என்றால் வேண்டாம் என்றார்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எந்த மூலை என்று கேட்டேன். வேறெந்த மூலையாக இருக்கும்? தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் நம் அட்டைப்பெட்டிகள் நிற்கும் மூலைதான்.

"இதெல்லாம் எடுக்கணும்னா மதியம் ஆயிடும்," என்றார் அவர் என்னிடம் தமிழில்.

"ஆகட்டுமே."

மூன்று பேரும் கைமாற்றி இறக்கினோம். பெரிய பழைய டி.வி.யின் பெட்டி, மூன்று ரைஸ் குக்கர் பெட்டி, மகன் கல்லூரிக்குப் போனபோது வாங்கிய பிரிண்டரின் பெட்டி. ஒவ்வொன்றையும் இறக்கும்போது என் வீட்டுக்காரர் அது எந்த வருடம் வாங்கியது, எந்த சேலில் வாங்கியது என்று அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இந்தப் பெட்டிகளெல்லாம் எதற்கு என்றுதான் கேட்டார். திரும்பிப் போகும்போது தேவைப்படும் என்றேன். எப்போது போகிறீர்கள் என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அப்போதுதான், பூனை தூங்கிய அந்தப் பெட்டியைப் பார்த்து ஒன்பது வயதில் எவ்வளவு ஆச்சரியப்பட்டேன் என்று நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

கடைசிப் பெட்டியை நகர்த்தியதும் அது இருந்தது. சின்னக் கை, ஐந்து விரலும் விரித்தபடி. கட்டைவிரல் பக்கம் சிமெண்டு கொஞ்சம் கலைந்திருந்தது, அந்த நேரத்தில்தான் அப்பா இழுத்திருப்பார் போல. இத்தனை வருடம் எங்கள் பெட்டிகள் அதைத் தூசு படாமல் வைத்திருந்தன. அந்தப் பெண்மணி தரையில் உட்கார்ந்து தன் கையை அதன் மேல் வைத்தார். என் வீட்டுக்காரர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் காப்பி போட்டேன். சர்க்கரையை நானே கலந்துவிட்டேன்.

அவர் போன பிறகு கராஜ் முழுக்கப் பெட்டிகள் சிதறிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் டி.வி. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"இத இப்ப எங்க வைக்கிறது? அந்தக் கார்னர்ல வைக்க மனசு வரல."

"வியாழக்கிழமை ரீசைக்கிள் வண்டி வருது."

அவர் அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து டேப்பைக் கிழித்து மடிக்க ஆரம்பித்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. ஒரு ரைஸ் குக்கர் பெட்டியை மட்டும் எனக்குத் தெரியாமல் மேல் தட்டில் ஏற்றிவிட்டார். நான் பார்த்தேன், விட்டுவிட்டேன். பானி கூட அந்த மரப்பெட்டியைத் தூக்கிப்போடவில்லை, உருளைக்கிழங்கு போட்டு வைத்துக்கொண்டார்.

கார்த்திகைக்கு வாசலில் அகல் வரிசை வைத்தேன். பொள்ளாச்சியில் என் அப்பா அம்மா இருந்த வீட்டை விற்றாகிவிட்டது. இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அந்த வாசலில் யாராவது இந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள். மீந்த ஓர் அகலில் எண்ணெய் ஊற்றி எடுத்துக்கொண்டு போய், கராஜ் மூலையில் அந்தச் சின்னக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐந்து விரல் பள்ளத்திலும் வெளிச்சம் நின்றது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். ஸ்மோக் அலாரம் அடித்துவிடப் போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கராஜ் கதவை முழுதாக மேலே தூக்கிவிட்டார்.